டைல்ஸுக்குக் கீழே என்ன இருக்கிறது? பழைய வீட்டு பாத்ரூமும் பெருகும் செலவும்

"சார், கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க..."

பழைய வீட்டில் பாத்ரூம் வேலை ஆரம்பித்தவர்களுக்கு இந்தக் குரல் நன்றாகத் தெரியும். டைல்ஸைப் பெயர்க்க ஆரம்பித்த முதல் நாளே, மத்தியான சாப்பாட்டுக்கு முன்னால் கொத்தனார் ஒரு தடவையாவது கூப்பிட்டுவிடுவார். முந்தின நாள் இரவு வரை வீட்டில் நடந்த விவாதமெல்லாம் சுவருக்கு வெள்ளையா, க்ரீம் கலரா என்பதுதான். அவர் காட்டும் இடத்தைப் பார்த்த பிறகு கலரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மேற்கு மாம்பலம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கமாகட்டும், மதுரை, திருச்சி, கும்பகோணமாகட்டும்... நாற்பது, ஐம்பது வயதான வீடுகளில் இந்த வேலை தொடங்குவதற்கான காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அப்பாவுக்கு மூட்டு வலி, இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியவில்லை. அல்லது அம்மா ஒரு தடவை வழுக்கி விழப் பார்த்துவிட்டார். "வெஸ்டர்ன் வெச்சு, டைல்ஸ் மாத்தினாப் போதும். ஒரு வாரத்துல முடிஞ்சிடும்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு வாரம் மூன்று வாரம் ஆவதும், கையில் எடுத்து வைத்த பணம் பாதி வேலையிலேயே தீர்ந்துபோவதும் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய கதை.

கொத்தனார் ஏமாற்றிவிட்டார் என்று சட்டென்று முடிவு கட்டுவது எளிது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு. கண்ணுக்குத் தெரிகிற பொருள்களுக்குத்தான் கொட்டேஷன் போட முடியும். பணம் போவதோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

டைல்ஸ் விலை ஒரு பெரிய விஷயமே இல்லை

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 அடிக்கு 5 அடி பாத்ரூம். தரை 40 சதுர அடி. நான்கு சுவர்களின் சுற்றளவு 26 அடி. ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால் 182 சதுர அடி. கதவைக் கழித்தால் சுமார் 165. தரையையும் சேர்த்து 205 சதுர அடி. வெட்டும்போது வீணாவதற்குப் பத்து சதவிகிதம் கூட்டினால் 225.

சதுர அடி 60 ரூபாய் டைல்ஸ் என்றால் 13,500 ரூபாய். 90 ரூபாய் டைல்ஸ் என்றால் 20,250. இரண்டுக்கும் நடுவே இருப்பது 6,750 ரூபாய். இதற்காகத்தான் நான்கு கடை ஏறி இறங்குகிறோம். கடைக்காரர் சொல்லும் விலையில் 18 சதவிகித ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் வந்துவிட்டால், அலைந்து மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும்.

அதே பாத்ரூமின் தரைக்குக் கீழே போவோம். டாய்லெட் பைப்பை மறைப்பதற்காகத் தளத்தை ஓரடி பள்ளமாக இறக்கி, அதில் செங்கல் துண்டும் மணலும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். 'சங்கன் ஸ்லாப்' என்பார்கள். 40 சதுர அடிக்கு ஓரடி ஆழம் என்றால் 40 கன அடி. ஏறத்தாழ இரண்டு டன் எடை. பல வருடமாகக் கசிந்த தண்ணீரைக் குடித்து ஊறியிருந்தால் இன்னும் கனக்கும். கசிவு அங்கே இருப்பது தெரிந்துவிட்டால் அத்தனையையும் வெளியே எடுத்தாக வேண்டும். மூட்டைக்கு 30 கிலோ என்று வைத்தாலும் அறுபது மூட்டைக்கு மேல். மாடி வீடு என்றால் ஒவ்வொரு மூட்டையும் படி இறங்க வேண்டும். பிறகு வண்டி வைத்து ஏற்றி அனுப்ப வேண்டும். 'பழைய டைல்ஸ் எடுப்பது' என்று கொட்டேஷனில் இருந்த ஒரு வரிக்குள் இதெல்லாம் அடங்காது.

பைப்பைத் தொட்டால்...

அடுத்த அழைப்பு பிளம்பரிடமிருந்து வரும். பழைய வீடுகளில் ஓடுவது ஜிஐ பைப். இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. அந்தப் பூச்சு தேய்ந்த பிறகு துரு உள்ளிருந்தே தின்ன ஆரம்பிக்கும். போர் தண்ணீராக இருந்தால் உப்பும் சேர்ந்து படியும். வெளியே அரை இன்ச் பைப்பாகத் தெரியும். வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். "குழாய்ல தண்ணி சன்னமாத்தான் வரும், எங்க வீட்டு ராசி அப்படி" என்று சொல்லிக்கொண்டிருந்தது ராசி அல்ல, துரு.

பழைய குழாயைக் கழற்ற ரெஞ்ச் போட்டுத் திருகும்போது, சுவருக்குள் இருக்கும் மரை அப்படியே முறிந்து கையோடு வரும். ஒரு குழாயை மாற்றப் போனவர் சுவர் முழுக்கக் காடி வெட்ட வேண்டிய இடம் இது. இந்த நேரத்தில் பாதியைப் புதிய சிபிவிசி பைப்பாகவும் மீதியைப் பழைய இரும்பாகவும் விட்டு இணைப்பது மிச்சம்போலத் தோன்றும். அடுத்த கசிவு அந்தப் பழைய பாதியில்தான் வரும், அதுவும் புது டைல்ஸுக்குப் பின்னால். சுவரைத் திறந்தாகிவிட்டது என்றால் மொத்த பைப்பையும் மாற்றிவிடுவதுதான் சரி.

ஷவர் விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஷோரூமில் அகலமான ரெயின் ஷவர் மழையாகக் கொட்டுவதைப் பார்த்து வாங்கி வந்துவிடுவார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் வேகம் அதன் உயரத்தைப் பொறுத்தது. சுமார் 33 அடி உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம். தரைத்தள வீட்டில் மொட்டை மாடித் தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவே ஆறேழு அடி இருந்தாலே அதிகம். அதாவது 0.2 பார். மழை கொட்டாது, சொட்டும். பிறகு பிரஷர் பம்ப் வாங்குவார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்காமல் சமையலறைப் பக்கத்துப் பழைய பைப் கசிய ஆரம்பிக்கும். ஒரு ஷவர் வாங்கப்போய் வீடு முழுக்க பைப் மாற்றுவது இப்படித்தான் நடக்கிறது.

பழைய பைப்பை மாற்றும்போது கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகும் ஒன்றும் உண்டு. அந்தக் கால எலெக்ட்ரீஷியன்கள் சிலர், தனியாக எர்த் குழி போடாமல் எர்த் ஒயரைத் தண்ணீர் பைப்பில் சுற்றி விட்டிருப்பார்கள். மண்ணுக்குள் போகும் இரும்பு பைப் என்பதால் ஏதோ ஒரு வகையில் அது வேலை செய்துகொண்டிருந்திருக்கும். அந்த இரும்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பைப் போட்ட நாளில் வீட்டின் எர்த் அறுந்துபோகும். யாருக்கும் தெரியாது. பல்பு எரியும், ஃபேன் ஓடும். கீசரில் மின்கசிவு ஏற்படும் நாளில்தான் தெரியவரும்.

ஆகவே பிளம்பர் வேலை முடிந்ததும் எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சோதித்தே ஆக வேண்டும். 2,000 வாட்ஸ் கீசர் சுமார் 9 ஆம்ப்ஸ் இழுக்கும். பழைய 5 ஆம்ப்ஸ் பாயின்ட்டிலிருந்து அதற்கு இணைப்பு கொடுப்பது தப்பு. தனி ஒயர், 16 ஆம்ப்ஸ் சாக்கெட், 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி... இந்த மூன்றும் வேண்டும். ஆர்சிசிபி என்பது மின்கசிவு ஏற்பட்ட உடனே கரன்ட்டைத் துண்டிக்கும் கருவி. டைல்ஸில் மிச்சம் பிடித்தாவது இதை வாங்கிவிட வேண்டும்.

கீழ்வீட்டு சீலிங்

தரைத்தள வீட்டில் என்ன வெளிப்பட்டாலும் அது உங்கள் வீட்டு விஷயம். அடுக்குமாடியின் பழைய ஃபிளாட்டில் அப்படி இல்லை. சில கட்டடங்களில் தளத்தைப் பள்ளமாக இறக்கியே இருக்க மாட்டார்கள். டாய்லெட்டின் டிராப்பும் பைப்பும் கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்குக்கு அடியில் தொங்கும். உங்கள் பைப்பைச் சரிசெய்ய பிளம்பர் அவர்கள் வீட்டில் ஏணி போட வேண்டும். அவர்கள் வீட்டு ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்ற வேண்டும். அதைத் திரும்பப் போட்டுக் கொடுப்பதும் உங்கள் செலவுதான். வேலை ஆரம்பித்த பிறகு இதைச் சொல்லப்போனால் வாசலிலேயே பேச்சு முடிந்துவிடும். சுத்தியல் எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே கீழே போய், அவர்கள் சீலிங்கைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, "என்ன ஆனாலும் நாங்க சரிபண்ணிக் கொடுத்துடறோம்" என்று சொல்லிவிட்டு வருவது நல்லது. ஏற்கெனவே இருந்த விரிசல் எது, புதிது எது என்ற சண்டைக்கும் அந்த போட்டோ பதில் சொல்லும்.

சீலிங்கில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிந்தால் கதை மாறுகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும்போது உப்பும். அந்தத் துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பதால் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளி உடைத்துவிடும். மேலே சிமென்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு பாட்டுக்கு வேலையைத் தொடரும். இந்த இடத்தில் கொத்தனாரின் கருத்து போதாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸை வீண் செலவாக நினைப்பவர்கள் உண்டு. தளத்தின் மேல் இன்னும் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

இதைவிடப் பழைய, மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கான்கிரீட்டே இருக்காது. மர உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிக் கட்டிய தளம் அது. அதன் மேல் மாடியில் பின்னாளில் யாரோ ஒரு பாத்ரூம் கட்டியிருந்தால், உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் உளுக்கும். தட்டிப் பார்க்காமல் அங்கே புதிதாக எடை ஏற்றக்கூடாது. இப்படிப்பட்ட வீடுகளில் மாடி பாத்ரூமைப் புதுப்பிப்பதைவிட, கீழே ஓர் இடம் பார்த்து மாற்றிவிடுவதே செலவு குறைவாக முடியலாம்.

தொட்டி எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத குடும்பங்கள் எத்தனையோ. தாத்தாவுக்குத்தான் தெரியும், அவர் இல்லை. செப்டிக் டேங்க் மேல் பிற்பாடு சமையலறையை நீட்டிக் கட்டிய வீடுகள் உண்டு. தொட்டி என்று நினைத்தது வெறும் உறை இறக்கிய குழியாக இருந்ததும் உண்டு. பாதாளச் சாக்கடை வந்த பிறகும் இணைப்பை மாற்றாமல் பழைய குழியிலேயே விட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். வெளியே செல்வது ஸ்டோன்வேர் பைப்பாக இருந்தால், அதன் இணைப்புகளில் வேப்ப மர வேர் நுழைந்து வலைபோலப் பின்னியிருக்கலாம். உள்ளே எவ்வளவு அழகாக பாத்ரூம் கட்டினாலும், முதல் பெரிய மழையில் தண்ணீர் திரும்பி வருவது இதனால்தான்.

தொட்டியைத் திறக்க வேண்டி வந்தால் ஒன்றில் கறாராக இருங்கள். "அரை மணி நேர வேலைம்மா, நான் இறங்கிப் பாத்துடறேன்" என்று யாராவது சொன்னாலும் இறங்க விடாதீர்கள். உள்ளே சேர்ந்திருக்கும் விஷ வாயுவுக்கு அரை மணி நேரமெல்லாம் தேவையில்லை. காப்பாற்ற இறங்குபவரையும் அது விடுவதில்லை. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரைச் செப்டிக் டேங்க்கில் இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் வழக்குக்கு ஆளாவார். 14420 என்ற எண்ணுக்கு போன் செய்தால் கழிவு உறிஞ்சும் லாரிக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

யாருக்காக இந்த வேலை?

எதிர்பாராத செலவுகள் வர வர, மிச்சம் பிடிக்க முதலில் வெட்டப்படுவது கைப்பிடிக் கம்பி. "அதை அப்புறம் போட்டுக்கலாம்." வேலை ஆரம்பித்ததே அப்பாவுக்காக என்பது இந்தக் கட்டத்தில் மறந்துபோயிருக்கும். சுவர் திறந்திருக்கும்போது கம்பி வரும் இடத்தை சிமென்ட் வைத்து உறுதிப்படுத்துவது சில நூறு ரூபாய் வேலை. சுண்ணாம்புக் காரைச் சுவரில், டைல்ஸ் ஒட்டிய பிறகு துளை போட்டு மாட்டிய கம்பி, பெரியவர் முழு எடையோடு இழுக்கும்போது பிடுங்கிக்கொண்டு வரலாம். கம்பி இருக்கிறது என்று நம்பி விழுவது, இல்லாமல் விழுவதைவிட மோசம்.

கதவும் அப்படித்தான். பழைய பாத்ரூம் கதவுகள் குறுகல், உள்பக்கமாகத் திறப்பவை. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவைத் தடுக்கும், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. கதவை வெளிப்பக்கம் திறப்பதுபோல மாற்றுங்கள். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள். இரண்டரை அடிக்குக் குறையாத அகலம் இருந்தால் வாக்கர் பிடித்து நடப்பவர் இடிக்காமல் போகலாம். டாய்லெட் இருக்கையின் உயரம் 17 முதல் 19 இன்ச் இருந்தால் முட்டிக்குச் சிரமம் குறையும். டைல்ஸ் மேட் ஃபினிஷாக இருக்கட்டும். கடையில் பளபளப்பது தண்ணீர் பட்டால் வழுக்கும்.

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வரும். இடிக்க வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம். அடியில் கசிவு இல்லை என்பது நிச்சயமானால் தப்பில்லை. ஆனால் தரை முக்கால் இன்ச் வரை உயரும். கதவு உரசும். வாட்டம் தப்பினால் குளித்த தண்ணீர் ஹாலுக்கு வரும். வயதானவர்கள் தடுக்கி விழ இந்த முக்கால் இன்ச்சே போதும்.

சுத்தியல் எடுக்கும் முன்

உள்ளே என்ன இருக்கிறது என்பதை முழுமையாக அறிய முடியாது. ஓரளவு மோப்பம் பிடிக்கலாம். ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலான சத்தம் கேட்டால் பூச்சு விட்டிருக்கிறது. இரவு எல்லாக் குழாயையும் மூடி, தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, காலையில் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ பைப் கசிகிறது. டாய்லெட் ஓரமாக ஒரே ஒரு டைல்ஸை மட்டும் பெயர்த்து ஓரடி தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் கூலி ஆகும். நிரப்பிய மணல் காய்ந்திருக்கிறதா, சேறாக இருக்கிறதா என்பதை வைத்தே மொத்தக் கொட்டேஷனையும் திருத்திப் பேசலாம்.

எவ்வளவு வேலை வரும் என்பது தெரியாவிட்டாலும் ரேட் பேசிக்கொள்ளலாம். பலர் தவறவிடுவது இதைத்தான். பூச்சு பெயர்ந்தால் சதுர அடிக்கு எவ்வளவு, பைப் அடிக்கு எவ்வளவு, இடிபாடு ஒரு லோடுக்கு எவ்வளவு, கூடுதலாக ஒரு நாள் வந்தால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி எவ்வளவு... வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், நடு வேலையில் பேரம் இருக்காது. சுவர் திறந்து கிடக்கும்போது பேரம் பேசினால் வீட்டுக்காரர் கைதான் தாழும். இது தவிர, கொட்டேஷன் தொகையில் நாலில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைப்பது நல்லது. மாடி பாத்ரூம் என்றால் மூன்றில் ஒரு பங்கு.

டாய்லெட் பீங்கானை முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். சுவருக்கும் தரைக் குழிக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்துத்தான் எது பொருந்தும் என்பது தெரியும். ஆஃபரில் வாங்கியது பொருந்தாமல், அதற்காகப் பைப்பை நகர்த்தியவர்கள் உண்டு. சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டர்போன்றவை மட்டும் பூச்சுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். நாலரை இன்ச் சுவரில் அவற்றைப் பதிக்க இடம் போதுமா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வாட்டர் ப்ரூஃபிங் அடித்து முடித்ததும் தண்ணீர் கட்டிப் பார்ப்பதில் அவசரம் வேண்டாம். துளையை அடைத்து, இரண்டு இன்ச் தண்ணீர் நிறுத்தி, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விட வேண்டும். கீழே சீலிங்கில் ஈரம் தெரியாவிட்டால்தான் டைல்ஸ். "அதெல்லாம் நல்லாத்தான் அடிச்சிருக்கோம் சார், நம்புங்க" என்று டைல்ஸ் மேஸ்திரி அவசரப்படுவார், அவருக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருக்கும். வீட்டில் ஒரே பாத்ரூம் என்றால் உங்களுக்கும் அவசரம் இருக்கும், பக்கத்து வீட்டில் எத்தனை நாள்தான் போய்க் குளிப்பது? இருந்தாலும் இந்த இரண்டு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சுவரை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் இன்ச் டேப்பைப் பிடித்து, பைப்பும் ஒயரும் போகும் வழியை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்குக் கண்ணாடி மாட்ட ஆணி அடிப்பவருக்கு உதவும். மிச்சமான டைல்ஸில் ஒரு பெட்டியைப் பரணில் போடுங்கள், அதே ஷேடு மறுபடி கிடைக்காது. கழற்றிப்போட்ட பழைய குழாய்கள் கனமாக இருக்கின்றனவா என்று கையில் எடுத்துப் பாருங்கள். நாற்பது வருடத்துக்கு முந்தையது என்றால் அநேகமாகப் பித்தளை. இடிபாட்டு மூட்டையோடு சேர்த்து அனுப்பிவிடாமல் தனியே எடுத்து வைத்தால், பழைய பாத்திரக் கடையில் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.